ஆசிரியப் பணியைத் துறந்தோரும் தொடர்ந்தோரும்

கல்லூரி ஆசிரியர் ஒருவர் தமது பதவியைத் துறந்தாரெனின், ஊதியக் குறைவே அதற்குக் காரணமென உலகோர் எளிதிற் கூறுவர். ஈழத்துக் கல்வி வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அக்கூற்று முற்றும் பொருந்தாமை புலனாகும்.

நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுகநாவலர், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். ஊதியமும் மதிப்பும் ஒருங்கே வாய்ந்த இடம் அது. எனினும், தாம் போற்றுஞ் சமயத்தைக் கற்பிக்க வாய்ப்பில்லாத இடத்தில் ஆசிரியராய் நீடித்தல் அவருள்ளத்துக்கு ஒவ்வாதாயிற்று. 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கியவர், மறு ஆண்டிலேயே பதவியை விடுத்து, அவ்வூரிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் துறவு பலராலும் பேசப்படுகின்றது. அவரோடு நின்ற மாணாக்கரை நினைப்பார் சிலரே. தொடக்கத்தில் அவர்கள் ஊதியம் பெறாமலே அங்குக் கற்பித்தனர். குருபக்தி அவர்களை நிறுத்திற்று. ஆயினும் பக்தியொன்றே பாடசாலையைத் தாங்குமெனக் கொள்ளுதல் பேதைமையாம். 1872இல் நாவலர் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருளின்மையாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டமை இதற்குச் சான்று.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் நெறி வேறு. கோப்பாயில் ஆசிரியராயிருந்த அவர் பேர்சிவலின் அழைப்பையேற்று, 'தினவர்த்தமானி'ப் பத்திரிகையை நடத்தச் சென்னை சென்றார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். கள்ளிக்கோட்டையிற் சிறிதுகாலம் கற்பித்தபின் அரசாங்கக் கணக்குத் துறையிற் புகுந்தார். பின்னர்ச் சட்டம் பயின்று, புதுக்கோட்டையில் நீதிபதியுமானார். உயர்பதவி நாடி வகுப்பறையை நீங்கினாரென அவரை இகழ்தல் முறையன்று. ஏடு தேடி ஒப்புநோக்கி அச்சிடுதற்குக் கைப்பொருள் வேண்டும். 1887இல் வெளிவந்த கலித்தொகைப் பதிப்பை ஆசிரியர் சம்பளத்தைக்கொண்டு அவர் அச்சேற்றியிருத்தல் அரிது.

பிற்காலத்தில் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலன அரசின்கீழ் வந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பட்டதாரி ஆசிரியர் பலர் நைஜீரியா, சாம்பியா முதலிய ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்றனர். அவர்களைச் செலுத்தியது பெரும்பாலும் குடும்பச் சுமையே. அதனை மறைப்பதிற் பயனில்லை.

சுவாமி விபுலாநந்தரோ இவ்விருசாராரிலும் அடங்கார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியை 1922இல் துறந்து, சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். துறவு பூண்டு மீண்டபின் அவரேற்ற தொண்டும் கல்வித்தொண்டே. மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். இரண்டாண்டுகளில் அதனையும் விடுத்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியப் பதவியை ஏற்றவர், 1947 ஜூலையில் மறையும்வரை அதில் நீங்காதிருந்தார்.