கோடு பறித்த ஆசனம், மனைவி மீட்ட ஆசனம்

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு டொனமூர் யாப்பைப் படிப்பிக்கும்போது, 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது, அரசாங்க சபை வந்தது என்று இரண்டு வரியில் நாங்கள் கடந்துவிடுகிறோம். அந்த முதல் தேர்தலின் முடிவே கோட்டுக்குப் போன கதையைச் சொல்வதில்லை.

கொழும்பு வடக்கில் வென்றவர் டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. அவருக்கு எதிராகத் தேர்தல் மனு தாக்கலானது. 1932 இல் அவரது தெரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அவர் திரும்பப் போட்டியிடவும் முடியவில்லை. இடைத்தேர்தலில் அவரது மனைவி நேசம் சரவணமுத்து நின்றார், வென்றார். சட்டமன்றம் ஒன்றுக்குள் போன முதல் இலங்கைத் தமிழ்ப் பெண் அவர்தான். அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் எமது கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லையில், தந்தை இறந்த இடத்துக்கு அட்லின் மொலமூரே தெரிவாகி அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினரானார். அங்கே வழக்கு எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் முன்பு இப்படியான பிணக்குகளைப் பாராளுமன்றமே தீர்த்தது. பெரும்பான்மைக் கட்சி தன் ஆளைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பதால் 1868 இல் அதை நீதிபதிகளிடம் கொடுத்தார்கள். அந்த முறைதான் இங்கும் வந்தது. காசு கொடுப்பது, மிரட்டுவது மட்டுமல்ல, வாக்குக்காகச் சாப்பாடு கொடுப்பதும் குற்றம். வேட்பாளர் செய்யாவிட்டாலும், அவரது முகவர் செய்தால் ஆசனம் போகும். (எங்கள் ஊர்த் தேர்தல் காலத்து புரியாணிப் பார்சல்களை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.)

கடுகண்ணாவையைத் தாண்டினால் வரும் கண்டியிலும் இதே கதை நடந்தது. சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்னர், 1947 தேர்தலில் வென்ற ஜோர்ஜ் ஈ. டி சில்வா அமைச்சராகவும் ஆனார். மனுவால் 1948 இல் ஆசனத்தை இழந்தார். அடுத்து வந்தவர் ரி. பி. இலங்கரத்ன, 1947 வேலைநிறுத்தத்தில் அரச வேலையை இழந்த தொழிற்சங்கத் தலைவர். அவரது தெரிவும் மனுவால் ரத்தானது. 1949 இடைத்தேர்தலில் அவரது மனைவி தமரா குமாரி வென்றார்.

கணவருக்குப் பதிலாள் மனைவி, கோட்டுக்கே போட்ட நாமம் என்பார்கள் சிலர். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. கோடு தடுத்தது ஒரு வேட்பாளரை, அந்தத் தொகுதி மக்களின் விருப்பத்தை அல்ல. அனுதாப வாக்கு என்று 1932 ஐத் தள்ளிவிட்டாலும், 1936 பொதுத்தேர்தலில் நேசம் அம்மையார் மறுபடியும் வென்றதை என்னவென்று சொல்வது?