ஓடும் கணினியில் ஒன்றை மட்டும் கண்காணிப்பது எப்படி? லினக்ஸ் கெர்னல் போட்ட கணக்கு

ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் பெரிய நிறுவனங்களின் சேவையகம் வரை பல கருவிகளின் அடித்தளத்தில் இயங்குவது லினக்ஸ் கெர்னல். வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவில் நின்று வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் அது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் அதன் பார்வையில் ஒரு 'புரோசெஸ்'. ஒவ்வொன்றுக்கும் பிஐடி எனப்படும் அடையாள எண் உண்டு.

கணினி திடீரென மெதுவானால், கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்து பார்க்க எஃப்டிரேஸ் என்ற கருவி உதவுகிறது. ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கிய இக்கருவி, 2008-ஆம் ஆண்டு லினக்ஸ் 2.6.27 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எல்லாவற்றையும் பதிவு செய்தால் தகவல் மலையாகக் குவிந்துவிடும். எனவே குறிப்பிட்ட சில புரோசெஸ்களை மட்டும் வடிகட்ட வேண்டியுள்ளது.

ஒரு புரோசெஸை நிறுத்தி அடுத்ததற்கு இடம் கொடுக்கும் வேலை நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கலாம். அந்த ஒவ்வொரு முறையும் "இந்த எண் பட்டியலில் உள்ளதா?" என்று பார்க்க வேண்டும். அளக்கும் கருவியே கணினியைத் தாமதப்படுத்தினால், கிடைக்கும் கணக்கு நம்பத்தக்கதாக இராது. எண்களை எப்படி அடுக்கி வைப்பது என்ற கேள்வி இதனால்தான் முக்கியமாகிறது.

முதல் வழி: வரிசைப் பட்டியல்

2016 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.4-இல், எண்கள் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டன. பட்டியலின் நடுவில் பார்த்து, தேவையற்ற பாதியை ஒதுக்கிக்கொண்டே தேடும் முறை இது. ஆயிரம் எண்கள் இருந்தாலும் சுமார் 10 ஒப்பீடுகளில் விடை கிடைத்துவிடும்.

ஆனால், கண்காணிக்கப்படும் புரோசெஸ் புதிய 'பிள்ளை' புரோசெஸ்களைத் தொடங்கினால் அவற்றையும் சேர்க்க வேண்டும். முடிந்தவற்றை நீக்க வேண்டும். வரிசையின் நடுவில் ஓர் எண்ணை நுழைக்க, பின்னால் உள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

இரண்டாம் வழி: பிட்மேப்

அதே ஆண்டு வெளிவந்த 4.7 பதிப்பு பிட்மேப் முறைக்கு மாறியது. இதைத் தோட்டத்துப் பெரட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் நிலையான ஒரு கட்டம். ஆள் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. தேடவே தேவையில்லை, கட்டத்தைப் பார்த்தால் போதும். சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே கட்டத்தை மாற்றுவதோடு முடியும்.

பிஐடி எண்களின் வழக்கமான உச்சவரம்பு அப்போது 32,768. அத்தனை கட்டங்களுக்கும் 4 கிலோபைட் நினைவகமே போதுமானதாக இருந்தது.

நிலைமை பிறகு மாறியது. 2019-இல் வந்த சிஸ்டம்டி 243 பதிப்பு, 64-பிட் கணினிகளில் இந்த வரம்பை 41,94,304 ஆக உயர்த்தியது. மூன்றே புரோசெஸ்களைக் கவனிப்பதற்கும் 512 கிலோபைட் ஒதுக்க வேண்டும். கட்டங்களில் பெரும்பாலானவை காலியாகவே கிடக்கும்.

மூன்றாம் வழி: அடுக்கு அட்டவணை

2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பில், ரோஸ்டெட் பிட்மேப்பைத் துண்டுகளாகப் பிரித்தார். 30 பிட் கொண்ட எண் மூன்றாக உடைக்கப்படுகிறது: முதல் 8 பிட், அடுத்த 8 பிட், கடைசி 14 பிட். முதல் இரண்டும் 256 கட்டங்கள் கொண்ட வழிகாட்டி அட்டவணைகள். மூன்றாவது, 16,384 எண்களுக்கான சிறு பிட்மேப். 64-பிட் கணினியில் ஒவ்வொரு துண்டும் 2 கிலோபைட்தான்.

20,000 என்ற எண்ணைத் தேடினால், முதல் அட்டவணையில் 0-ஆம் கட்டம், இரண்டாவதில் 1-ஆம் கட்டம், பிறகு 3,616-ஆம் பிட். எந்த எண்ணாக இருந்தாலும் மூன்றே படிகள். ஆள் இல்லாத பகுதிக்குத் துண்டே ஒதுக்கப்படுவதில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. புரோசெஸ் மாறும் கணத்திலோ புதிது பிறக்கும் கணத்திலோ புதிய நினைவகம் கேட்டு நிற்க முடியாது. அதனால் ஒவ்வொரு வகையிலும் 6 துண்டுகள் முன்கூட்டியே எடுத்து வைக்கப்படுகின்றன. கையிருப்பு 2-க்கு இறங்கியதும், பிறிதொரு தருணத்தில் அது நிரப்பப்படும். காலியான துண்டுகள் மீண்டும் கையிருப்புக்கே திரும்பும்.

எதைத் தேர்வு செய்வது?

எண்கள் சில மட்டுமே, அவையும் மாறுவதில்லை என்றால் வரிசைப் பட்டியல் போதும். எண்களின் வரம்பு சிறியது, மாற்றம் அதிகம் என்றால் பிட்மேப் பொருந்தும். வரம்பு மிகப் பெரியது, பயன்படுபவை குறைவு என்றால் அடுக்கு அட்டவணையே சிக்கனம்.

தேடலைக் குறைப்பதும் வேகத்தைக் கூட்டும் வழிதான். எஃப்டிரேஸ் ஒவ்வொரு நிகழ்வுக்கும் பட்டியலைப் புரட்டுவதில்லை. புரோசெஸ் மாறும்போது ஒருமுறை பார்த்து, விடையை அந்தச் செயலகத்துக்குரிய குறிப்பில் எழுதி வைக்கிறது. அடுத்த மாற்றம் வரை அந்தக் குறிப்பைப் பார்த்தால் போதும்.