பெயரின் முன்பாதியும் பின்பாதியும்

ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணப்பிள்ளை. இந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பின்பாதி, 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் ஒரு வைணவ வேளாளர் வீட்டில் பிறந்தபோது வைத்தது. முன்பாதி, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் வாங்கியபோது சேர்ந்தது. முப்பது வயதில் மதம் மாறிய மனுஷன், கண்ணன் பெயரைக் கழற்றி எறியவில்லை. புதுப் பெயருக்குப் பின்னால் அதையும் வைத்துக்கொண்டே 1900 வரை வாழ்ந்தார்.

சிங்கப்பூரில் இருந்து பார்க்கும்போது இந்தப் பெயர் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "சர்ச்சுக்குப் போயிட்டா தமிழும் போயிடும்ப்பா" என்று தேக்கா பக்கம் பெரியவர்கள் சொல்லி நிறையத் தடவை கேட்டிருக்கிறேன். மதம் மாறுவது என்றால் ஆங்கிலத்துக்கு மாறுவது என்றே இங்கே பலருக்கும் நினைப்பு.

ஆனால் இந்த ஊரின் வரலாறு அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே எழுந்தது. அதற்கு முன் அவர்கள் குவீன் ஸ்திரீட் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கர்களோடு சேர்ந்து வழிபட்டார்கள். மதம் ஒன்றுதான், இருந்தும் தங்கள் மொழியில் ஜெபிக்கத் தனி இடம் தேவைப்பட்டது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஷார்ட் ஸ்திரீட். தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1887இல் அதே தெருவின் ஒரு கடைவீட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி சோஃபியா பிளாக்மோர் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். அதன் முதல் பெயர் தமிழ்ப் பெண்கள் பள்ளி. பின்னாளில் அது மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக, ஆங்கிலப் பள்ளியாக வளர்ந்தது. ஆக, மிஷன் தமிழுக்கும் இடம் கொடுத்தது, ஆங்கிலத்துக்கும் வாசல் திறந்தது. பெரியவர்களின் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கொஞ்சம்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசுவோர் சுமார் 59 விழுக்காடு. தமிழ் பேசுவோர் சுமார் 28 விழுக்காடு. கிறிஸ்தவர்களோ எட்டில் ஒரு பங்குதான். அத்தனை ஆங்கில வீடுகளையும் அந்த ஒரு பங்கின் தலையில் கட்ட முடியுமா? பூஜை அறை இருக்கிற வீட்டிலும் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறார்கள்.

கிருஷ்ணப்பிள்ளைக்கு வருவோம். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியில் தமிழ் கற்பித்தவர் அவர். கம்பனில் ஊறியவர். ஜான் பனியனின் கதையில் ஒருவன் முதுகில் பாவச் சுமையோடு ஊரைவிட்டுக் கிளம்புகிறான். சிலுவையின் முன் அந்தச் சுமை கழன்று உருள்கிறது. அந்தக் கதையை அவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் காவியமாக்கினார். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. இராமனைப் பாடிய நடையில் இயேசுவைப் பாடினார். 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டம் அப்படித்தான் வந்தது.

மனமாற்றம் என்பதைச் சிலேட்டை அழித்து எழுதுவது போலத்தான் நாம் கற்பனை செய்கிறோம். இவரிடம் அப்படி நடக்கவில்லை. கடவுள் மாறினார், பாட்டுடைத் தலைவன் மாறினான். ஆனால் அந்தப் புதிய அன்பைச் சொல்ல அவர் கையில் இருந்தது பழைய தமிழ்தான். அது இல்லாமல் தனக்கு உள்ளே நடந்ததை அவரால் தனக்கே சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கூடவே வந்தது எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 'கிருஷ்ண'னோடு 'பிள்ளை'யும் வந்தது. சாதி ஞானஸ்நானத் தண்ணீரில் கரையவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் இன்றும் தனித்தனிக் கல்லறைகள் சாட்சி. மதம் மாறுகிறவர் எதைச் சுமந்து வருகிறார், எதை இறக்கி வைக்கிறார் என்பதுதான் அந்த மாற்றத்தின் உண்மையான கணக்கு.

அதனால் இங்கே ஒரு இளைஞர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தால், தமிழ் போச்சே என்று உடனே ஒப்பாரி வைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எந்த மொழியில் பேசுகிறோம் என்று முதலில் பார்ப்போம்.