உடல் நிறையும் எழுதப்படாத கணக்கும்

பெண்ணின் உடல் நிறை என்பது தராசு காட்டும் எண் மட்டுமன்று. அவ்வெண்ணை அழகென்றும் அழகின்மையென்றும் தீர்ப்பிடும் சமுதாயத்தின் வரலாறும் அதனுள் அடங்கியிருக்கின்றது. மார்பகத்தைப் பெருப்பிக்கும் அழகுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் தமது உடல் நிறை கூடிவிட்டதென முறையிடும் பெண்கள் பல நாடுகளில் உளர். அவர்களுக்குப் பெரும்பாலும் இரு மறுமொழிகளே கிடைக்கின்றன. உணவு கூடியிருக்கும், உழைப்புக் குறைந்திருக்கும் என்று வைத்தியர் சிலர் தள்ளிவிடுவர். உள்ளே வைக்கப்பட்ட செயற்கைப் பொருளே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பாதிக்கப்பட்டோர் சிலர் முடிவுகட்டுவர். இவ்விரண்டுக்கும் நடுவே உண்மையை நாடுவோர் முதலில் ஒரு வினாவை எழுப்பவேண்டும். சிகிச்சைக்குப் பின் இப்பெண்களின் உடலில் நிகழ்ந்தவற்றைக் கணக்கெடுத்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகின், நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறொன்று நம்முன் விரிகின்றது.

1895ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், பாடகி ஒருவரின் மார்பகத்திலிருந்து கட்டியொன்றை அகற்றினார். அதனால் உண்டான குழிவை நிரப்ப, அப்பெண்ணின் முதுகின் கீழ்ப்பகுதியில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அங்கே வைத்தார். இம்முயற்சி நோயினால் நேர்ந்த குறையைச் சீர்செய்யவே எழுந்தது என்பது கருதத்தக்கது. கொழுப்பு உயிருள்ள இழையம். இடம் மாற்றினும் அது தன் இயல்பை விடுவதில்லை. பிற்காலத்தில் வயிற்றிலிருந்தும் தொடையிலிருந்தும் எடுத்த கொழுப்பை மார்பகத்துக்கு மாற்றும் முறை வளர்ந்தபோது இவ்வுண்மை நன்கு புலனாயிற்று. உடல் நிறை கூடினால் மாற்றி வைத்த கொழுப்பும் பெருக்கின்றது. குறைந்தால் அதுவும் மெலிகின்றது.

உயிருள்ள இழையத்தைவிட உயிரற்ற பொருளே வாணிபத்துக்கு வாய்ப்பானது. அளந்து விற்கலாம், ஆயிரக்கணக்கில் ஆக்கலாம். 1899இல் வியன்னாவைச் சேர்ந்த றொபேட் கேர்சுனி, வசிலீனை உடலினுள் ஊசிமூலம் செலுத்திக் குறைகளை நிரப்பும் முறையை அறிமுகஞ் செய்தார். விரைவிலேயே பரபின் மெழுகு பெண்களின் மார்பகங்களிலும் செலுத்தப்பட்டது. சில ஆண்டுகளில் மெழுகு கட்டிபட்டது, தோல் புண்ணாயிற்று, மெழுகு இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து விளைந்ததும் உண்டு. மேலைநாட்டு வைத்தியர் இம்முறையைக் கைவிட்ட பின்னரும் ஆசியாவின் சில பகுதிகளில் அது பல்லாண்டுகள் நீடித்தது. 1950களில் செயற்கைப் பஞ்சு வந்தது. உடலின் இழையம் அப்பஞ்சினுள் வளர்ந்து இறுகவே, மார்பகம் சுருங்கிக் கல்லாயிற்று. பொருள்தான் மாறியது, முதலில் பயன்படுத்துவது, தீங்கு வெளிப்பட்ட பின் ஆராய்வது என்ற முறை மாறவில்லை.

சிலிக்கோனின் வரலாறு போருடன் பிணைந்தது. டவ் இரசாயனக் கம்பனியும் கோர்னிங் கண்ணாடிக் கம்பனியும் இணைந்து 1943இல் டவ் கோர்னிங் கம்பனியை அமைத்தன. போர் விமானங்களின் மின்பாகங்களைக் காக்கும் சிலிக்கோன் பசை அதன் தொடக்ககாலப் பண்டங்களுள் ஒன்று. போர் முடிந்தது, யப்பானில் அமெரிக்கப் படைகள் தங்கின. அப்படையினரை நாடிப் பிழைக்க நேர்ந்த வறிய பெண்களின் மார்பகங்களில் திரவச் சிலிக்கோன் செலுத்தப்பட்டது. வென்றவனின் கண்ணுக்கு ஏற்றவாறு தோற்றவளின் உடல் திருத்தப்பட்டது என்பதன்றி இதனை வேறெவ்வாறு கூறுவது? பின்னர் இவ்வழக்கம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் ஆடலரங்குகளுக்குச் சென்றது. மார்பகத்தையே இழக்க நேர்ந்த பெண்கள் பலரான பின்னரே, 1970களின் நடுவில் நெவாடா மாநிலம் சிலிக்கோன் ஊசியைச் சட்டத்தால் தடுத்தது.

இதற்கிடையில், 1962இல் ரெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்ரன் நகரில் தோமஸ் குறோனின், பிராங்க் ஜெரோ என்னும் இருவர், சிலிக்கோன் கூழ் நிறைத்த பையை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பகத்தினுள் வைத்தனர். அப்பெண் செல்வச் சீமாட்டி அல்லள்; வறியோருக்கான வைத்தியசாலைக்கு வந்த, பிள்ளைகள் பலரின் தாய். பச்சை குத்தியதை அகற்றவே அவர் வந்தார். தம்மில் அவர் திருத்த விரும்பியது காதுகளை. வைத்தியர் திருத்த விரும்பியது மார்பகத்தை. காதுகளையும் திருத்தித் தருவதாகச் சொல்லப்பட்ட பின்னரே அவர் இணங்கினார். புதிய பண்டத்தின் முதற் சோதனைக்களம் யாருடைய உடலாக அமைந்தது என்பதை விளக்க இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

அன்று அமெரிக்காவில் உடலினுள் வைக்கும் இத்தகைய சாதனங்களை விற்பனைக்கு முன் பரிசோதிக்கும் சட்டம் இருக்கவில்லை. 1976இல் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே சந்தையிலிருந்த பைகள் தொடர்ந்து விற்கப்பட்டன. 1982இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் கடுமையான கட்டுப்பாட்டை முன்மொழிந்தது. அதற்கு அந்நாட்டு ஒட்டறுவைச் சிகிச்சையாளர் சங்கம் அளித்த மறுமொழி வரலாற்றில் இடம்பெறத்தக்கது. சிறிய மார்பகம் என்பது உண்மையில் ஒரு நோயே என்று அச்சங்கம் வாதிட்டது. பசிக்கு உணவு விற்பது பழைய வாணிபம். பசியையே ஆக்கி விற்பது முதலாளித்துவத்தின் முதிர்ந்த வாணிபம்.

முப்பதாண்டு விற்பனைக்குப் பின், 1992இல் அந்நிருவாகத்தின் தலைவர் டேவிட் கெஸ்லர், சிலிக்கோன் பைகளின் பயன்பாட்டை நிறுத்திவைக்கக் கேட்டார். தீங்கு நிறுவப்பட்டது என்று அவர் கூறவில்லை. தீங்கில்லை என்பதைக் கம்பனிகள் நிறுவவில்லை என்றே கூறினார். வழக்குகள் குவிய, 1995இல் டவ் கோர்னிங் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. 1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவகத்தின் அறிக்கை, உடல் முழுவதையும் தாக்கும் நோய்களைப் பைகள் உண்டாக்குவதாகச் சான்றில்லை என்றது. ஆயினும் பை கிழிதல், சுற்றியுள்ள இழையம் இறுகுதல், மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டியிருத்தல் ஆகியன மிகுதி என்பதையும் அவ்வறிக்கையே எடுத்துரைத்தது.

2006இல் சிலிக்கோன் பைகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அனுமதி பெற்ற இரு கம்பனிகளும் தலா 40,000 பெண்களைப் பத்தாண்டு தொடர்ந்து அவதானிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2011இல் வெளியான அரச அறிக்கையை நோக்குவோம். அவ்வாய்வுகளுள் ஒன்றில் மூன்றாண்டு முடிவில் எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரே. ஏனையோர் கணக்கிலிருந்து மறைந்தனர். விற்ற பையின் எண்ணிக்கை ஏட்டில் இருந்தது. வாங்கியவளின் உடல்நிலை ஏட்டில் இல்லை.

இனி நிறை பற்றிய முறையீட்டுக்கு வருவோம். 300 கன சென்ரிமீற்றர் அளவுள்ள சிலிக்கோன் பை ஏறத்தாழ 300 கிராம் நிறையுடையது. இரண்டுமாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல். சத்திரசிகிச்சையை அடுத்த நாட்களில் உடலில் நீர் தேங்கி வீங்குதல் இயல்பு; அது வடிந்துவிடும். சில வாரங்கள் பாரந்தூக்காது ஓய்ந்திருப்பதால் நிறை சிறிது கூடலாம். சிலிக்கோன் தானே கொழுப்பாவதில்லை. பை கொழுப்பை வளர்க்கிறதென்பது நிறுவப்படவும் இல்லை. பின்னாளில் நிறை கூடும்போது பையைச் சுற்றியுள்ள இயற்கை இழையமே பருக்கின்றது. ஆயினும், களைப்பு, மூட்டுவலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றோடு உடல் நிறை மாற்றத்தையும் கூறிப் பெண்கள் அமெரிக்க நிருவாகத்துக்கு ஆயிரக்கணக்கில் முறையீடுகள் அனுப்பியுள்ளனர். முறையீடு நிரூபணமாகாது, ஆனால் ஆராயப்படாத முறையீடு பொய்யும் ஆகாது.

பெண்களின் சொல்லைப் புறக்கணித்தோர் பிழைபட்டதற்கு வரலாறு சான்று. பிரான்சின் பிப் கம்பனி மருத்துவத்துக்கென அனுமதிக்கப்படாத மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் நிறைத்து விற்றது 2010இல் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பெண்களின் உடலில் அப்பைகள் இருந்தன. அதன் நிறுவனர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார். சொரசொரப்பான மேற்பரப்புடைய பைகளுக்கும் அரியதொரு நிணநீர்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு படிப்படியாக உறுதியாகி, 2019இல் அலர்கன் கம்பனி அத்தகைய தன் பைகளை உலகச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. 2021இல் அமெரிக்க அரசு கடும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. முதற் பை வைக்கப்பட்டு 59 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வரலாற்றின் அடியில் இன்னொரு முரண்பாடு கிடக்கின்றது. மெலிந்த இடையும் பெருத்த மார்பும் ஒருசேர வேண்டும் என்று சந்தை பெண்ணிடம் கேட்கின்றது. மார்பகத்தின் பெரும்பகுதி கொழுப்பே. உடல் மெலிந்தால் மார்பகமும் மெலிதல் பெரும்பாலாரின் இயல்பு. இயற்கை ஒருங்கே தர மறுப்பதைப் பிரித்துப் பிரித்து விற்பதில் இரட்டை இலாபம். மெலிவதற்கு ஒரு மருந்து, பெருப்பதற்கு ஒரு பை. பின்னர் நிறை கூடிற்று என்று அவள் வந்தால், பழியும் அவள் மீதே சுமத்தப்படுகின்றது.

இச்சிகிச்சையை நாடும் பெண்ணை எள்ளுதல் நமது நோக்கமன்று. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவளுக்கு இது வாழ்வின் ஊன்றுகோலாகவும் அமையக்கூடும். நாம் கேட்பது கணக்கு. 2015இல் நெதர்லாந்தும் அவுஸ்திரேலியாவும் தேசியப் பதிவேடுகளைத் தொடங்கின. ஒவ்வொரு பையும் யாருடைய உடலில் வைக்கப்பட்டது, ஏன் அகற்றப்பட்டது என்பன அவற்றிற் பதியப்படுகின்றன. அப்பதிவேடுகளை அறிவியலின் தானாக எழுந்த கொடையெனக் கொள்ளலாகாது; ஏமாற்றப்பட்ட பெண்களின் குரலுக்குக் காலந்தாழ்த்திக் கிடைத்த மறுமொழி அவை. விலைச்சீட்டை எழுதும் கை உடலின் கணக்கையும் எழுதவேண்டும் என்று வற்புறுத்துவது மக்களின் உரிமை. அக்கணக்கு முழுமையாக எழுதப்படும் நாளில்தான், தன் நிறை ஏன் கூடிற்று என்று கேட்கும் பெண்ணுக்கு நேர்மையான விடை கிடைக்கும்.