ஏட்டிலிருந்து தாளுக்கு: மாணாக்கர் எழுத்தைத் திருத்திய மரபு

மாணாக்கன் எழுதியதை ஆசிரியன் திருத்துதல் கல்வியின் பழைய கடமைகளுள் ஒன்று. எனினும் அக்கடமை எக்காலத்தும் ஒரே வகையாய் நிகழ்ந்ததன்று. எழுதுகருவி மாறியபோதும் கல்வியின் நோக்கம் மாறியபோதும் திருத்தும் முறையும் மாறிற்று. தமிழர் கல்வி வரலாற்றில் இம்மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தெளிவாகப் புலப்படுகின்றது.

பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்தை அழித்தெழுதுதல் எளிதன்று. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கும் அரிது. ஆதலாற் பிழைகள் ஓலையை அடையுமுன் நாவிலேயே திருத்தப்பட்டன. திண்ணைப் பள்ளியில் மாணாக்கன் பாடத்தை ஒப்புவிக்க, ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ செவியாற் கேட்டுத் திருத்தினர். திருத்துவோர்க்கு அளவுகோலும் இல்லாமலில்லை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலாக நன்னூல் வகுத்த பத்துக் குற்றங்கள் நூலாசிரியனை நோக்கியவையாயினும், இன்றைய மாணாக்கன் கட்டுரைக்கும் அவை முற்றும் பொருந்துவனவே.

இம்மரபின் இறுதிப் பெருநிழலாக விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை (1815–1876). அவர் செய்யுள் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதினர். அவ்வாறு எழுதியோருள் உ. வே. சாமிநாதையரும் ஒருவர். சொல் பிறக்கும் இடத்தருகே அமர்ந்திருத்தலே அங்குப் பாடமாயிற்று. ஆசிரியர் எச்சொல்லைக் கொண்டார், எச்சொல்லைத் தள்ளினார் என்பதைக் கண்ட மாணாக்கன், தன் செய்யுளைத் தானே திருத்தும் ஆற்றலைப் பெற்றான்.

ஈழத்தில் 1823ஆம் ஆண்டு தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1848ஆம் ஆண்டு ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் வேறொரு சூழலைத் தோற்றுவித்தன. தாளும் அச்சும் பரவின. செய்யுளின் இடத்தை வசனம் பெறலாயிற்று. நாவலர் பாலபாடங்களையும் இலக்கணச்சுருக்கத்தையும் எழுதியது, பிழையற்ற வசனத்தை இளமையிலேயே பழக்குவதற்காகும். பிழை நேர்ந்தபின் களைவதினும் நல்ல மாதிரியை முன்வைத்தல் சிறந்தது என்னும் கொள்கையை அந்நூல்களிற் காணலாம். கற்றுத் தேர்ந்தோரும் பிறர் கண்ணுக்குத் தம் பணியை உட்படுத்தினர் என்பதும் நோக்கற்பாலது. 1868இல் சி. வை. தாமோதரம்பிள்ளை வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரைப்பதிப்பு நாவலராற் பரிசோதிக்கப்பட்டதே. திருத்தம் பெறுதல் இழிவெனக் கருதப்படவில்லை.

பரீட்சை முறை வேரூன்றியபோது இந்நிலை மாறிற்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இலங்கையில் 1869இல் பொதுக்கல்வித் திணைக்களம் நிறுவப்பட்டபின், பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை உதவிபெறும் பாடசாலைகளிற் புகுந்தது. மாணாக்கனின் பிழை ஆசிரியனின் வருவாயையும் தொட்டது. பிழையை ஆராய்தலினும் எண்ணுதல் முதன்மை பெற்றது. திருத்தம் எழுத்தை வளர்க்கும் செயலென்னும் நிலையினின்று நீங்கி, அதற்கு விலையிடும் செயலாயிற்று.

இவ்விரு முறைகளும் குறையற்றவை அல்ல. குருகுலத்தில் ஆசிரியரின் நடையே மாணாக்கனின் நடையாகி, அவன் சொந்தக் குரல் அமிழ்ந்துபோதல் கூடும். பரீட்சைக் கூடத்திலோ, எழுதிமுடித்த பின்னரே திருத்தம் வருகின்றது. சிவப்பு மையாற் கோடிட்ட தாளை மாணாக்கன் புள்ளியைப் பார்த்து மடித்துவைக்கின்றான். மீண்டும் எழுதும் வாய்ப்பில்லாத இடத்தில் திருத்தம் தீர்ப்பாகவே முடிகின்றது.

ஓலைக் காலம் மீளப்போவதில்லை. ஆயினும் அக்காலம் உணர்ந்திருந்த உண்மையொன்று எக்காலத்துக்கும் உரியது. எழுத்து இறுகுமுன் சொல்லப்படும் ஒரு சொல், இறுகியபின் இடப்படும் நூறு கோடுகளினும் பயன் மிக்கது. அச்சொல்லைக் கூறி, மாணாக்கனே திருத்தி எழுத இடமளித்து விலகிநிற்பவனே நல்லாசிரியன் எனலாம்.