கல்லும் ஏடும் காட்டும் குலவரலாறு

நீத்தார் கடன் இயற்றுவோர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பது வழக்கம். பூட்டனின் தந்தை யார் என்று கேட்டுவிட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். சொந்த ஊரில் வாழ்பவர்க்கு, கேட்டறியத் திண்ணையில் ஒரு முதியவராவது இருப்பார். பிழைப்பை நாடி வடக்கே வந்து, கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்க்கு அந்த வாய்ப்பும் இல்லை. பேரன் கேட்கும் கேள்விக்கு விடை எங்கே கிடைக்கும்? இன்று கொல்கத்தா என வழங்கும் இம்மாநகரத்தின் கல்லறைகளே அதற்கு ஒரு வழியைக் காட்டுகின்றன.

இறந்தாரின் பெயரைக் கல்லில் பொறித்தல் நமக்குப் புதியதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று, வீரனின் பெயரையும், ஆகோள் பூசலையும், அது நிகழ்ந்த ஊரையும் சில சொற்களில் சொல்லி முடிக்கிறது. எழுத்து தமிழ்ப் பிராமி. வயது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல். யார், எங்கே, எவ்வாறு என்னும் மூன்றுக்கும் விடை தரும் கல்லே ஆராய்வோனுக்கு நல்ல கல்.

கல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மண்டபம் நிற்கிறது. அவரை இந்நகரின் தோற்றுநர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தனர். கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் அக்கூற்றை ஏற்கவில்லை. அவ்வழக்கு நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அவர் மீது கிடத்திய கருங்கல். அக்கல் வங்காளத்துக் கல்லன்று. சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கல். புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து அதனை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்குச் 'சார்னாக்கைட்' என்றே பெயரிட்டார். ஆகவே நமக்கு முன்னரே தமிழ்நாட்டிலிருந்து இங்குக் குடிவந்துவிட்டது ஒரு கல் என்று சொன்னால் மிகையாகாது.

அக்கல்லின் இலத்தீன் வாசகம் சார்னாக் 1692 ஜனவரி 10ஆம் நாள் மறைந்ததாகக் கூறுகிறது. அதனை அப்படியே குறித்துக்கொள்வோர் ஓராண்டு தவறுவர். 1752 வரை ஆங்கிலேயர்க்கு ஆண்டுப் பிறப்பு மார்ச் 25ஆம் நாள். அவர்கள் 1692 என்று எழுதிய ஜனவரி, நம் கணக்கில் 1693 ஆகும். பழங்கற்களைப் படிப்போர் முதலில் கற்கவேண்டிய பாடம் இது.

அதே மண்டபத்தில் அவருடைய மூத்த மகள் மேரியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள். இவள் எங்கே பிறந்தாள், உடன்பிறந்தார் யாவர்? அதற்குச் சென்னைக்குத் திரும்ப வேண்டும். ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680இல் திறக்கப்பட்டது; அவ்வாண்டு முதலே அதன் பதிவேடுகள் தொடங்குகின்றன. அவ்வேட்டில் 1689ஆம் ஆண்டு மேரி, எலிசபெத், கேதரின் என்னும் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் ஞானஸ்நானம் அளித்த செய்தி காணப்படுகிறது. கல் வங்காளத்தில், ஏடு சென்னையில். இரண்டையும் சேர்த்தால்தான் குடும்பம் தெரிகிறது. எனினும் ஒருத்தி தெரியவில்லை. இப்பெண்களின் தாய் இந்நாட்டுப் பெண்மணி என்பதே மரபு. உடன்கட்டையிலிருந்து சார்னாக் அவளைக் காப்பாற்றினார் என்று கதையும் உண்டு. அவள் பெயர் மட்டும் கல்லில் இல்லை. குலவரலாறு தேடுவோர் நெஞ்சில் தைக்கும் முள் இதுவே: ஆண்களைக் கல் நினைவில் வைக்கிறது, பெண்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

கல் இருக்குமிடத்தில்தான் உடல் இருக்கும் என்றும் எண்ணிவிடலாகாது. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, பழைய இடுகாட்டின் கல்லறைகள் பகைவர்க்கு மறைவிடமாயின. அதனால் அவை பின்னர் இடிக்கப்பட்டு, எழுத்துக் கற்கள் மட்டும் புனித மேரி ஆலய முற்றத்தில் பாவப்பட்டன. கல்கத்தாவிலும் இத்தகைய இடமாற்றம் உண்டு. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டர் 1863இல் இங்கே இறந்து பவானிப்பூரில் அடக்கமானார். அவர் கல்லை 1987இல் தெற்குப் பார்க் தெரு இடுகாட்டுக்குக் கொண்டுவந்து வைத்துள்ளனர். 1767இல் திறக்கப்பட்ட அவ்விடுகாட்டில்தான் வடமொழி வல்லுநர் சர் வில்லியம் ஜோன்ஸ் துயில்கிறார்.

சாலைக்கு மறுபுறம் இருந்த வடக்குப் பார்க் தெரு இடுகாட்டுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை 1815இல் அடக்கமான இடம் அது. 1950களில் அது தரைமட்டமாக்கப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தன. கல் போயிற்று, ஆனால் சொல் முழுதும் போகவில்லை. ஹோம்ஸ் நிறுவனத்தார் 1848இல் வெளியிட்ட 'பெங்கால் ஒபிச்சுவரி' என்னும் நூல், இந்நகரக் கல்லறை வாசகங்கள் பலவற்றைப் படியெடுத்து வைத்திருக்கிறது. சென்னை மாகாணத்துக் கற்களுக்கு ஜே. ஜே. காட்டன் 1905இல் இதே தொண்டைச் செய்தார். ஆலயப் பதிவேடுகளின் படிகளும் அந்நாளில் லண்டனுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்பட்டன. வங்காளம், சென்னை, பம்பாய் எனப் பிரித்து அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

அந்தப் படிகளின் பயனை வங்கக்கவி மைக்கேல் மதுசூதன தத்தரின் வாழ்வில் காணலாம். 1873இல் மறைந்த அவர் கீழைச் சர்க்குலர் சாலை இடுகாட்டில் உறங்குகிறார். தம் கல்லுக்குரிய கவிதையைத் தாமே எழுதிவைத்தார். வழிப்போக்கனை நிற்கச் சொல்லி, கபோதாட்சி ஆற்றங்கரையிலுள்ள சாகர்தாரி என்னும் ஊரையும், தந்தை ராஜநாராயணர், தாய் ஜானவி பெயர்களையும் அதில் சொல்கிறார். தாயின் பெயரை மறவாத கல் அது! ஆயினும் அவர் 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்ததைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அங்கே ரெபெக்கா என்னும் பெண்ணை மணந்தார், மக்களும் பிறந்தனர். பின்னர் அவர் கல்கத்தா திரும்பியபோது அவர்கள் சென்னையிலேயே தங்கிவிட்டனர். அக்குடும்பத்தைப் பற்றி நெடுநாள் அரைகுறையாகவே தெரிந்திருந்தது. ஆராய்ச்சியாளர் குலாம் முர்ஷித், லண்டனிலுள்ள ஆலயப் பதிவுகளைத் துருவி அதனைத் தெளிவுபடுத்தினார்.

தகனம் செய்யும் குடியினர்க்குக் கல்லறை ஏது என்று நேயர்கள் கேட்கலாம். நீமதலா, கேவடாதலா போன்ற சுடலைகளில் எரியூட்டப்பட்டோரின் இறப்பு மாநகராட்சியில் பதிவாகிறது. அப்பதிவைத் தேட இறந்த நாள் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். பழைய இரங்கல் கடிதமோ, திதி குறித்த பஞ்சாங்கமோ பெட்டியடியில் கிடக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பெயரைப் பல்வேறு எழுத்துக்கூட்டலில் தேடுக. சுப்பிரமணியம் என்னும் பெயரை வங்க எழுத்தரும் ஆங்கில எழுத்தரும் எத்தனை விதமாக எழுதியிருப்பர் என்று சொல்லவேண்டுவதில்லை.

இடுகாட்டுக்குச் செல்வோர் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் செல்க; தேய்ந்த எழுத்தும் அப்போது நிழல் விழுந்து தெரியும். பாசியைச் சுரண்டுவதும் அமிலம் ஊற்றுவதும் கூடா. எழுத்தும் உடன் போய்விடும். தெளிந்த நீரும் மெல்லிய தூரிகையும் போதும். படித்ததை அங்கேயே, பிழை தோன்றினாலும் திருத்தாமல், உள்ளவாறே எழுதிக்கொள்க. பக்கத்துக் கற்களையும் படித்துவிடுக. உறவினர் அருகருகே கிடப்பது உண்டு.

கயைக்குச் சென்று பிண்டம் இடும் குடும்பத்தினர் இன்னொன்றும் செய்யலாம். அங்குள்ள பண்டாக்கள், வந்து போனவரின் ஊரையும் பெயரையும் ஏட்டில் எழுதிவைப்பர். ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்டால், சிலருக்குத் தம் பாட்டனார் கையெழுத்தே அங்குக் காணக்கிடைக்கும்.