தும்பாவிலிருந்து தரைக்கு: லித்தியம் அயனி மின்கலத்தின் ஓர் இந்திய வரலாறு

லித்தியம் அயனி மின்கலத்தின் வரலாறு பெரும்பாலும் மின்வாய்ப் பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1970களில் விட்டிங்காம் கையாண்ட டைட்டானியம் டைசல்ஃபைடு, 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப் குழு முன்வைத்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, 1985இல் யோஷினோ அதனுடன் இணைத்த கார்பன் எதிர்மின்வாய், 1991இல் சோனியின் விற்பனைக் கலம் என அது வரிசைப்படுகிறது. அம்மூவரும் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வரிசையில் தமிழர் ஒருவரின் பங்கும் உண்டு. மதுரையில் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களின் பிற்பகுதியில் குட்இனஃபுடன் இணைந்து சல்ஃபேட் முதலிய பல்லணு அயனிகளை ஆராய்ந்தார். இரும்புச் சேர்மத்தில் மாலிப்டேட்டின் இடத்தில் சல்ஃபேட் அமைந்தபோது மின்னழுத்தம் ஏறத்தாழ 3.0 வோல்ட்டிலிருந்து 3.6 வோல்ட்டாக உயர்ந்தது. 1997இல் வெளியான லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் இவ்வழியின் தொடர்ச்சியே. குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவரும் மந்திரமே.

ஆயினும், பொருள் கைவந்த அளவில் கலம் கைவந்துவிடுவதில்லை. திருவனந்தபுரம் இதற்குத் தக்க சான்று. 1963இல் தும்பாவில் முதல் ஏவூர்தி எழுந்த மண்ணில் வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், செயற்கைக்கோள்களுக்கும் ஏவூர்திகளுக்குமான லித்தியம் அயனிக் கலங்களை 1.5 முதல் 100 ஆம்பியர்-மணி வரையிலான கொள்ளளவுகளில் உருவாக்கித் தகுதிப்படுத்தியது.

தகுதிப்படுத்துதல் என்னும் சொல்லின் கனம் இங்கு உணரத்தக்கது. தாழ்சுற்றுப்பாதைக் கோள் ஒரு நாளில் ஏறத்தாழ 15 முறை புவியைச் சுற்றுகிறது; பெரும்பாலான சுற்றுகளில் புவியின் நிழலைக் கடக்கிறது. எனவே அதன் கலம் ஆண்டுக்கு ஐயாயிரம் முறை அளவுக்கு மின்னேற்றமும் மின்னிறக்கமும் காண்கிறது. புவிநிலைக் கோளுக்கோ சமபகலிரவு நாள்களை ஒட்டிய இரு பருவங்களில் மட்டுமே நிழல். அது நீளும்போது 72 நிமிடத்தை எட்டும். இரண்டிலும் பழுதுபார்க்கச் செல்பவர் எவருமில்லை. பழைய நிக்கல்-காட்மியம் கலத்தைவிட எடை குறைந்தது என்பதால் லித்தியம் வரவேற்கப்பட்டது. நம்பகம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே அது விண்ணேறியது.

2018இல் இவ்வறிவு தரைக்கு இறங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் பெல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூனில் இஸ்ரோ, தனியுரிமை அளிக்காமல், தகுதியுடைய இந்திய நிறுவனங்களுக்கு நிறுவனமொன்றுக்கு 1 கோடி ரூபாய் கட்டணத்தில் தொழில்நுட்பத்தை வழங்க முன்வந்தது.

ஆனால் விண்வெளியின் அளவுகோல் நம்பகம்; சந்தையின் அளவுகோல் விலை. சில நூறு கலங்களைக் குறையின்றி ஆக்கும் கலையும், பல இலட்சம் கலங்களை மலிவாக வார்க்கும் தொழிலும் வேறுவேறு அறிவுகள். மின்வாய்த் தூள், மின்பகுளி, பிரிப்பு மென்படலம் ஆகியவற்றை உள்நாட்டிலேயே பெருமளவில் ஆக்கும் அடித்தளம் இன்றேல் தொழில்நுட்ப ஆவணம் ஒரு தொழிலாகிவிடாது. கண்டுபிடிப்புக்கும் தொழிலுக்கும் இடைப்பட்ட அந்நிலப்பரப்பே இந்திய அறிவியல் வரலாற்றில் இன்னும் போதிய அளவு எழுதப்படாத பகுதி.